புஷ்பராணியின் பச்சை வெளிச்சம்

1992ஆம் ஆண்டு ஏப்ரலிலிருந்து, பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருந்த ருக்குமணியின் பெண்குழந்தை புஷ்பராணி, பெற்ற தகப்பன் பக்கத்துத் தெருவுக்கு வந்தாலே பச்சையாக ஒளிரத் தொடங்கினாள். முதலில் உள்ளங்கால், பிறகு காதுமடல், ஆள் வாசலுக்கு வந்துவிட்டால் உடம்பு முழுக்க. வேறு யார் தூக்கினாலும் மற்றக் குழந்தைகளைப் போலத்தான் இருந்தாள். அந்த மாதம் கெம்போங் மீன் விலை ஏறியிருந்தது. பாசார் சந்தையில் பெண்கள் இரண்டையும் ஒரே மூச்சில் பேசிக்கொண்டார்கள்.

தகப்பன் ஜெயராஜ் மோட்டார்சைக்கிள் பட்டறை வைத்திருந்தான். கல்யாணமான புதிதில் மாக் மண்டின் தொழிற்சாலை ஒன்றுக்கு வெல்டிங் வேலைக்குப் போய்ச் சில மாதம் அங்கேயே தங்கியிருந்தான். அவன் திரும்பிவந்த ஏழாம் மாதமே குழந்தை பிறந்துவிட்டது. குறைப்பிரசவம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள், கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்டவும் செய்தார்கள். ஆனாலும் அவனுக்குக் கணக்கு உதைத்தது. அவன் இல்லாதபோது பட்டறையைப் பார்த்துக்கொண்டவன் நல்லமுத்து என்ற வேலையாள். ருக்குமணிக்குப் பாசாரிலிருந்து சாமான் வாங்கிவந்து கொடுத்ததும் அவன்தான். ஜெயராஜுக்கு அது போதுமாக இருந்தது. முதலில் கையால் அடித்தான், பிறகு மோட்டார்சைக்கிள் சங்கிலியால் அடித்தான். ஒருநாள் அவள் மணிக்கட்டைக் கதவிடுக்கில் வைத்துக் கதவைச் சாத்தினான். எலும்பு முறிந்த சத்தம் மேல்மாடிக்குக் கேட்டது. ருக்குமணி அழுவதை அதற்கு முன்பே விட்டிருந்தாள். அழுதால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு இன்னும் அடிப்பான், அழாவிட்டால் சீக்கிரம் கை ஓய்ந்துவிடும் என்பதை உடம்பால் தெரிந்துகொண்டிருந்தாள்.

அந்த ஏப்ரலில், பர்மா ரோட்டில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தை வைத்தே தகப்பன் யாரென்று சொல்லும் மெஷின் வந்திருக்கிறது என்று யாரோ சொல்ல, ஜெயராஜ் தாயையும் பிள்ளையையும் அங்கே இழுத்துக்கொண்டு போனான். ருக்குமணி மறுக்கவில்லை. உண்மை எழுத்தில் வந்துவிட்டால் அடி நின்றுவிடும் என்று நம்பினாள். அங்கே வேலை பார்த்தவர் செல்வநாயகி, யாழ்ப்பாணத்துக் குடும்பத்துப் பெண்மணி. மூவரிடமும் ரத்தம் எடுத்துக்கொண்டு, ருக்குமணியின் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார், ஜெயராஜைப் பார்த்தார், அவனை வெளியே உட்காரச் சொன்னார்.

"பயப்படாதேயும் பிள்ளை" என்றார். "ரத்தத்தில இருக்கிற மரபணுத் துண்டுகளுக்குச் சாயம் ஏத்திறம். லேசர் வெளிச்சம் படேக்க ஒவ்வொரு துண்டும் நிறம் நிறமா மினுங்கும். அதை மெஷின் பாத்துக் கோடு கோடாக் காட்டும். உம்மட பிள்ளையின்ர கோடுகளில பாதி உம்மடை, மிச்சப் பாதி தகப்பன்ரை. அது ஆரின்ர பேச்சையும் கேளாது."

அவர் பேசி முடிப்பதற்குள் குழந்தையின் ரத்தம் இருந்த சிறு குழாய் தானாகவே பச்சையாக ஒளிர்ந்தது. சாயமும் ஏற்றவில்லை, லேசரும் போடவில்லை. வெளியே உட்காரப் பொறுக்காமல் ஜெயராஜ் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்திருந்தான், அவ்வளவுதான். அவன் நெருங்க நெருங்க வெளிச்சம் கூடியது. ஊசி குத்திய குதிகாலிலிருந்து மெல்ல ஏறி, ருக்குமணியின் மடியில் கிடந்த குழந்தையும் முதல் தடவையாக ஒளிர்ந்தாள். செல்வநாயகி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். இப்படி நடக்கிறதில்லை என்றார். ஆனாலும் முறைப்படி மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டே சொல்வேன் என்று அடுத்த வாரம் வரச் சொன்னார். மெஷினும் அதையேதான் சொன்னது. குழந்தை ஜெயராஜுடையது.

"ரோசாக் மெஷினுலா இது! கெட்டுப்போன மெஷின வெச்சி எவன ஏமாத்துறீங்க?" என்று கத்திய ஜெயராஜ், மேசையிலிருந்த கண்ணாடிக் குழாய்களையெல்லாம் கையால் வாரித் தரையில் அடித்தான். கையெல்லாம் ரத்தம். வெளிச்சம் வழியும் குழந்தையை அவன் நேராகப் பார்க்கவே இல்லை. மெஷினை நம்பினால் அன்றுவரை அடித்த அடிக்கெல்லாம் அவன்தான் பொறுப்பு என்றாகிவிடும். அதை அவனால் தாங்க முடியவில்லை என்பதை ருக்குமணி அந்த இடத்திலேயே கண்டுகொண்டாள். காகிதத்தால் அவனை மாற்ற முடியாது என்றும் தெரிந்துகொண்டாள்.

ஆனால் அவன் ஒப்புக்கொள்ளாத அந்த வெளிச்சம் அவளுக்கு வேறு விதத்தில் உதவியது. குழந்தையின் உள்ளங்கால் பச்சையானதும் அடுப்பை அணைப்பாள், பிள்ளையை வாரிக்கொண்டு பக்கத்து வீட்டு ஹபீபா பீவியின் அறைக்குள் போய்விடுவாள். ஹபீபா பீவி கதவைத் தாழிட்டு, குழந்தை மேல் இரண்டு கம்பளியைப் போட்டு மூடி, வெளிச்சம் கதவிடுக்கில் கசியாமல் துணி அடைப்பாள். ஜெயராஜ் வெறும் வீட்டில் சட்டிபானைகளை உடைத்துவிட்டுப் பட்டறைக்கே படுக்கப் போவான். இப்படியே சில மாதங்கள் கழிந்தன. அவள் மணிக்கட்டு கூடி, முதுகுக் காயங்கள் ஆறின. அடிக்க ஆள் கிடைக்காத கோபம் அவனுக்குள் மக்கிப் புளித்தது.

ஒருநாள் காலை அவன் சந்தடியில்லாமல் ஏணிப்படி ஏறிவந்தான். ருக்குமணி குளித்துக்கொண்டிருந்ததால் உள்ளங்காலை யாரும் பார்க்கவில்லை. ஒளிரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நேரே பட்டறைக்குப் போனான். ஈரத் தலையோடு அவள் பின்னாலேயே ஓடினாள். பட்டறையில் நல்லமுத்து ஒரு டயரைக் கழற்றிக்கொண்டிருந்தான். ஜெயராஜ், யாரிடம் எரிகிறாள் பார்ப்போம் என்று குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டுப் பின்வாக்கில் நடந்தான். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்றான். அவன் விலக விலகக் குழந்தையின் நிறம் மங்கியது. திரும்ப வந்தான், பிள்ளை தகதகவென்று எரிந்தாள். பட்டறையில் இருந்தவர்கள், காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள், எல்லோரும் பார்த்தார்கள்.

"பாத்தீங்களாண்ணே" என்றான் நல்லமுத்து. "ஒங்க புள்ளதான். சாமி சத்தியமா ஒங்க புள்ளதான்."

"இந்த வெளிச்சமே நீ வெச்ச சூனியம்லா!" என்ற ஜெயராஜ், கதவோரம் சாத்தியிருந்த பாராங் கத்தியை எடுத்தான். நல்லமுத்து குழந்தையை ருக்குமணியிடம் எறிவதுபோல் கொடுத்துவிட்டுக் கையை உயர்த்தினான். முதல் வெட்டில் கை போனது. இரண்டாவது கழுத்தில் விழுந்தது. எண்ணெய்க் கறை படிந்த சிமெண்டுத் தரையில் அவன் சுருண்டு விழுந்தான், ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன் உயிர் போய்விட்டது. ரத்தம் தெறித்த முகத்தோடு புஷ்பராணி வீறிட்டு அழுதாள். ஜெயராஜ் ஓடி மறைந்ததும் அவள் மேல் இருந்த பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

போலீஸ் சுங்கை பாக்காப் தோட்டத்தில் அவன் சொந்தக்காரர் வீடுவரை தேடியது. ஆள் அகப்படவில்லை. பிள்ளை இருண்டிருந்த அந்த நாட்களில்தான் ருக்குமணி முதல் தடவையாக அயர்ந்து தூங்கினாள். விழித்ததும் நல்லமுத்து நினைவு வரும். ஒருநாள் பிற்பகல், மடியில் வைத்துச் சோறு ஊட்டும்போது குழந்தையின் உள்ளங்காலில் மங்கலாகப் பச்சை தெரிந்தது. வழக்கம்போல் எழுந்து ஹபீபா பீவி வீட்டு வாசலுக்குப் போனாள். கதவைத் தட்ட ஓங்கிய கையை இறக்கிக்கொண்டாள். அப்படியே படியிறங்கிக் காவல் நிலையத்துக்கு நடந்தாள்.

சார்ஜன் ராமசாமி குழந்தையின் காலைப் பார்த்தார். "இது எரிஞ்சா அவன் பக்கத்துல இருக்கானா?"

"ஆமா சார். என் பின்னாலயே வாங்க. சத்தம் மட்டும் போடாதீங்க."

பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். இடப்பக்கம் திரும்பினால் மங்கியது, வலப்பக்கம் கூடியது. பாசார் வாசலில் காதுமடல் எரிந்தது. மீன்கடைகளுக்கு நடுவே போகும்போது மீன் செதில்களெல்லாம் பச்சையாய் மின்னின. ஐஸ் கட்டி வைக்கும் அறை முன்னால் குழந்தை முழுதாக எரிந்தாள். கதவை உதைத்துக்கொண்டு ஜெயராஜ் வெளியே பாய்ந்தான். வீசிய கத்தி ருக்குமணியின் தோளில் இறங்கியது. அவள் முழங்காலிட்டாளே தவிரப் பிள்ளையை விடவில்லை. சார்ஜனின் தடி அவன் முழங்காலை உடைத்தது. மீன்காரர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் எடுத்து அடித்தார்கள். பல் தெறித்தது, ஒரு கண் மூடிப்போனது. சார்ஜன் தடுக்க வேண்டியிருந்தது.

மீன் தண்ணீரில் கிடந்தபடி ஜெயராஜ் மிஞ்சிய ஒற்றைக் கண்ணால் குழந்தையின் முகத்தை முதன்முறையாக நேராகப் பார்த்தான். அவள் யாரும் கண் திறந்து பார்க்க முடியாத அளவுக்கு எரிந்துகொண்டிருந்தாள். அவன் கையை நீட்டினான்.

"குடு புள்ள... எம் மவ. எம் மவதான்."

ருக்குமணி தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "தெரிஞ்சிருச்சா? சரி" என்றாள். திரும்பி, பாசாரைவிட்டு வெளியே நடந்தாள். பிள்ளை முழுதாக இருளும்வரை அவள் நிற்கவில்லை.

வக்கீல் வாதாடித் தூக்கு இல்லாமல் போய், ஜெயராஜுக்கு நீண்ட சிறைவாசம் கிடைத்தது. பினாங்குச் சிறையிலேயே அவனை வைத்தார்கள். தோள் ஆறியதும் ருக்குமணி எலெக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். செல்வநாயகி ஒருமுறை வீடு தேடி வந்து மறுபடி ரத்தம் எடுக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் அக்கா என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்பினாள். 1998இல் புஷ்பராணி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தாள். பள்ளி வேன் சிறைச்சாலைச் சுவரோரமாகத்தான் போகவேண்டும். விடியாத அந்த நேரத்தில் சுவர் முடியும்வரை அவள் ஒளிர்வாள், அப்புறம் அணைந்துவிடுவாள். அந்த இடத்தில் மட்டும் வேன்காரர் வேகத்தைக் குறைப்பார். வீட்டுப்பாடக் கணக்கு முடிக்காத பிள்ளைகள் சிலருக்கு அந்த வெளிச்சம் தேவைப்பட்டது.