வராத பேச்சாளர்களின் பலகைகள்

பசுஞ்சாரல் நற்சேவைக் கழகம் புதன்கிழமைதோறும் மாலை நான்கு மணிக்கு லிந்துலையில் ஒரு ஹோட்டல் மாடியில் கூடும். மலையகத்தை முன்னேற்றிவிட்டு ஆறு மணிக்குக் கலையும். இடையில் ரோல்ஸும் பால் தேநீரும் உண்டு. முன்னேறியதா என்று அடுத்த புதன்கிழமை யாரும் விசாரிப்பதில்லை. அதற்குள் அடுத்த சிறப்புப் பேச்சாளர் வந்திருப்பார். அல்லது வராமல் இருப்பார்.

மீனம்மாவுக்கு இதெல்லாம் தெரியாது. அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள் அவள். அவள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கும் பாடசாலைக்கும் நடுவில் ஓர் ஓடை. ஓடைக்கு மேல் இரண்டு இரும்புத் தண்டவாளங்கள், அவற்றின் மேல் இரண்டடிக் குறுக்குப் பலகைகள். அந்தப் பலகைகளில் இருபது உளுத்து விழுந்துவிட்டன. ஆனி மழையில் அவள் மகள் பூரணி அந்த இடைவெளிக்குள் காலை விட்டு விழுந்து கையை முறித்துக்கொண்டாள். இப்போது லயத்துப் பிள்ளைகள் எல்லாம் ரோட்டைச் சுற்றி மூன்று மைல் நடக்கிறார்கள். கட்டுப் பிரித்த கையோடு பூரணியும் நடக்கிறாள். அடுத்த மழைக்குள் பாலத்தைச் சரிபண்ணாவிட்டால் மகளைப் படிப்பிலிருந்து நிறுத்த வேண்டியதுதான் என்று மீனம்மாவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரையிடம் கேட்டால் பாலம் தோட்டத்து எல்லைக்கு வெளியே என்றார். பிரதேச சபை அலுவலகத்தில் கேட்டால் எல்லைக்கு உள்ளே என்றார்கள். ஓடைக்கு மட்டும் எல்லைத் தகராறு கிடையாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பெயரிலேயே நற்சேவை இருக்கிறதே என்று நம்பி, அரைநாள் வேலையை விட்டுவிட்டு, பூரணி எழுதிக் கொடுத்த கடிதத்தோடு மீனம்மா அந்த ஹோட்டல் படியேறினாள். படியிலேயே கழகச் செயலாளர் பத்திநாதன் நின்றார். ஓய்வுபெற்ற தபாலதிபர். அந்தக் குளிரிலும் வியர்த்திருந்தார். கொழும்பிலிருந்து வரவேண்டிய டொக்டர், வழியில் மண்சரிவு என்று சொல்லித் திரும்பிவிட்டாராம். வெளியே நல்ல வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

பேச்சாளர் இல்லாமல் ஒரு கூட்டமும் நடந்ததில்லை என்பது பத்திநாதனின் பெருமை. வராதவருக்குப் பதிலாகக் கையில் அகப்பட்டவரை மேடையேற்றிவிடுவார். போன மாதம் கேஸ் சிலிண்டர் இறக்க வந்தவர் பூமி சூடாவதைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்.

"கடிதத்த அப்புறம் பாப்போம்மா. நீங்க மேடைல ரெண்டு வார்த்த பேசிடுங்க" என்றார்.

"நான் பலகை கேக்க வந்தேங்க."

"அதையே பேசுங்க. எல்லாரும் இருக்காங்க, கேப்பாங்க."

கேட்பார்கள் என்றதும் அவளுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசானது. முன்வரிசையில் உட்கார்ந்தாள். மேடைக்குப் பின்னால், 'மன அழுத்தம்: மூச்சு விட்டு வெல்வோம்' என்று பெரிய பெனர் தொங்கியது. மௌனப் பிரார்த்தனை, போன வார அறிக்கை, இரண்டு பேருக்குப் பிறந்தநாள் பாட்டு, தலைவர் உரை, பேச்சாளரை அறிமுகம் செய்பவரைப் பற்றிய அறிமுகம் எல்லாம் முடிந்தபோது மணி ஆறாக நாலு நிமிடம் இருந்தது.

"இருபது பலகை குடுத்தாப் போதுங்க" என்று மீனம்மா தொடங்கினாள். "ஆணி இருக்கு, அடிக்க ஆளும் இருக்கு. காலைல புள்ள அந்தப் பாலத்துல கால வச்சா, அங்கிட்டு போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு மூச்சு வராதுங்க. இப்ப சுத்திப் போகுது. மழ புடிச்சா அதுவும் முடியாது."

மூச்சு என்றதும் சபை தலையாட்டியது. தலைப்பை விட்டு விலகாமல் பேசுகிறாளே என்று இரண்டு பேர் மெச்சிக்கொண்டார்கள். பத்திநாதன் மணியடித்தார். கைதட்டல் பலமாக இருந்தது.

தலைவர் பிரதாப் எழுந்தார். ஊரிலேயே பெரிய மர ஆலை அவருடையது.

"அருமையான கோரிக்கை. ஆனா இந்த வருசத் திட்டத்துல பாலம் இல்லம்மா. மன அழுத்தம்தான் இருக்கு."

அடுத்து கழக உறுப்பினர் கிளைவ் நன்றியுரை வாசித்தார். கழகத்தில் நன்றியுரையைத் திங்கட்கிழமையே எழுதிவிடுவது வழக்கம். "டொக்டர் அவர்கள் செய்து காட்டிய மூச்சுப் பயிற்சி நம் அனைவரின் வாழ்விலும் ஒளியேற்றும்" என்று முகத்தைத் தூக்காமல் வாசித்தார். அதற்கும் கைதட்டினார்கள். மீனம்மாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. அரைநாள் வேலையும் போய், பேசிய பேச்சும் எவனோ டொக்டர் பெயரில் போய்விட்டதே என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் மேசைமேல் கிடந்த நினைவுக் கேடயம் கண்ணில் பட்டது. சின்னதாகக் கொடுப்பது பிரதாப்புக்குக் கௌரவக் குறைவு. இரண்டடி நீளம், ஒன்றரை அங்குலத் தடிமன், நல்ல வைரம் பாய்ந்த மரம், அவருடைய ஆலையிலேயே அறுத்தது. அதில் கழகத்தின் பெயருக்குக் கீழே டொக்டரின் பெயரும் பட்டங்களும் வெட்டப்பட்டிருந்தன. நன்றியுரையைப் போலவே கேடயமும் முன்கூட்டியே தயாராகிவிடும்.

"ஐயா, அந்தப் பலகைய எனக்குக் குடுங்க."

"அதுல டொக்டர் பேரு இருக்கேம்மா" என்றார் பத்திநாதன்.

"பரவாயில்லைங்க. இது மாதிரி வேற இருக்குங்களா?"

இருந்தது. வராத பேச்சாளர்களின் கேடயங்கள் பதினெட்டு, கதவு மூடமுடியாத அளவுக்கு அலுமாரியில் அடைந்து கிடந்தன. பெயர் வெட்டியதை வேறு ஆளுக்குக் கொடுக்கவும் முடியாது, எறியவும் மனமில்லை. பத்திநாதன் தலைவரைப் பார்த்தார். கழகத்தின் பெயர் லயத்துச் சுவர்களிலும் தொங்கட்டுமே என்று பிரதாப் பூரித்துப்போய், ஆலை லொறியிலேயே ஏற்றி அனுப்பினார். மீனம்மா சுவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுச் சிவசாமி ஆணியும் சுத்தியலுமாக வந்தார். முதல் பலகையை எடுத்தவர் தயங்கினார்.

"படிச்சவங்க பேரு மீனம்மா. மிதிக்கலாமா? கவுத்து அடிச்சிருவோம்."

"எழுத்து மேல இருக்கட்டும்ணே. வெட்டுன எழுத்து, மழையில கால் வழுக்காது."

திங்கட்கிழமை காலையில் பிள்ளைகள் பாலத்தில் ஏறினார்கள். ஒரு பேராசிரியர், மூன்று பணிப்பாளர்கள், ஓர் அமைச்சின் ஆலோசகர், மூச்சுப் பயிற்சி டொக்டர் என்று பத்தொன்பது பேரும் ஒருவழியாகத் தோட்டத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். நடுவில் ஒரே ஒரு இடைவெளி மிச்சம். பூரணி கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு அதைத் தாண்டிக் குதித்தாள். மீனம்மா கரையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த வாரமே பத்திநாதன் மீனம்மாவுக்குப் போன் எடுத்தார்.

"அடுத்த மாசம் மகளிர் கூட்டம்மா. இந்தத் தடவ நீங்கதான் சிறப்புப் பேச்சாளர். கட்டாயம் வருவீங்கதானே?"

"பலகைல எம் பேர வெட்டுவீங்களா?"

"வெட்டாம? இன்னைக்கே சொல்லிர்றேன். பேரு மேல ஆச யாருக்குத்தான் இல்ல" என்று சிரித்தார் பத்திநாதன்.

"அப்ப வர்றேங்க" என்றாள் மீனம்மா. "பேர மட்டும் கொஞ்சம் ஆழமா வெட்டச் சொல்லுங்க."