ஒரு பெட்டியில் இரண்டு

கிருஷ்ணராஜ் "ஒண்ணும் ஆகாது" என்று சொன்னால் ஏதோ ஆகப்போகிறது என்று அர்த்தம். ஏழு வருடக் குடித்தனத்தில் விஜயலெட்சுமி கண்ட உண்மை இது. இருந்தும் அன்று காலை நம்பித் தொலைத்தாள். பத்திரிகையோடு இலவசமாக வந்த, கம்ப்யூட்டரில் ஏற்றும் லினக்ஸ் சீடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "விண்டோஸும் இருக்கும், இதுவும் இருக்கும். ஒரு காம்பராவுல ரெண்டு குடும்பம் மாதிரி" என்றான். ஒற்றை அறைக் காம்பராவில் இரண்டு குடும்பம் இருந்தால் என்ன நடக்கும் என்று நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் பிறந்தவனுக்குத் தெரியாதா?

மத்தியானத்துக்குள் லினக்ஸ் சட்டமாகக் குடியேறிவிட்டது. விண்டோஸைத் தேர்ந்தெடுத்தால் வெறும் கறுப்புத் திரை.

மறுநாள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பிரஜாவுரிமைப் பத்திரம் வழங்கும் அரசாங்க நடமாடும் சேவை வருகிறது. அங்கே கொடுப்பதற்காக, பிறப்புப் பத்திரம் இல்லாத அறுபத்திரண்டு பேரின் விவரத்தையும், அவர்கள் வந்து சொல்லச் சொல்ல, டீச்சரான விஜயலெட்சுமி நேரே கம்ப்யூட்டரில் அடித்திருந்தாள். கொப்பியில் ஒரு வரி எழுதவில்லை. "அதுதான் கம்ப்யூட்டர் இருக்கே" என்று பெருமை பேசியதும் அவளேதான். இந்த முறை தவறினால் அடுத்தது எப்போதென்று யாருக்கும் தெரியாது. கம்ப்யூட்டரைப் பதுளைக் கடையில் காட்டலாம் என்றால் அன்று போயா, பௌர்ணமி விடுமுறை, கடைகள் பூட்டு.

"ஃபைல் பத்திரமா இருக்கு விஜி" என்று லினக்ஸிலேயே திறந்து காட்டினான். இருந்தது. தமிழ்தான் இல்லை. அவள் தமிழ் அடித்த பாமினி எழுத்துரு விண்டோஸோடு போய்விட்டதால் திரை முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக் கிடந்தது.

"இதையா நாளைக்கு நீட்டச் சொல்றீங்க?" அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன.

அந்த நேரம் பார்த்து வாசலில் கருப்பம்மா வந்து நின்றாள். நாற்பது வருடம் இந்த மலையில் கொழுந்து பறித்தவள்.

"டீச்சர், எம் பேரு இருக்குங்களா? ஒருக்கா பாத்துச் சொல்லுங்க."

அவள் முகத்தைப் பார்க்கக் கூசி விஜயலெட்சுமி திரைப் பக்கம் திரும்பினாள். ஒரு வரி f என்று தொடங்கியது. மேசைமேல் இருந்த விரல் தன்பாட்டில் அசைந்தது. பதுளையில் தமிழ்த் தட்டச்சு படித்தபோது விசைகளைத் துணியால் மூடிப் பழக்கிய விரல் அது. பாமினியில் அந்த விசையை அடித்தால் விழுவது க. அடுத்தது ரு. ஒவ்வொன்றாக மேசையில் தட்டித் தட்டி வாய்விட்டு வாசித்தாள்.

"கருப்பம்மா. தகப்பன் பேரு சின்னராசா. பொறந்த எடம் தெமோதரை."

கருப்பம்மா எட்டித் திரையைப் பார்த்தாள்.

"அப்ப நானு இருக்கேன்" என்றாள்.

விஜயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"தாளை எடுங்க" என்றாள் புருஷனிடம். "நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க. இன்னும் அறுபத்தோரு பேரு இருக்காங்க."

அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை. பார்த்தால் திட்டத் தோன்றும், அதற்கு நேரமில்லை.