நாலாவது எலுமிச்சை

பள்ளிக்கூட பஸ் வருகிற நேரத்தில்தான் பிரகதீஸ்வரிக்குச் செம்பின் ஞாபகம் வந்தது. எலுமிச்சம்பழத்தில் பேட்டரி செய்யப் போகிறோம், ஆளுக்கொரு பழம், ஒரு துத்தநாகம் பூசிய ஆணி, ஒரு துண்டு செம்பு கொண்டுவர வேண்டும் என்று கார்த்திகா டீச்சர் மூன்று நாளாகத் தலைபாடாய் அடித்துக்கொண்டிருந்தார். பழமும் ஆணியும் பையில் இருந்தன. செம்புக்கு எங்கே போவது? அம்மா அடுப்படியில் இருந்தாள். கட்டிலில் தம்பி சந்தோஷ் தூங்கிக்கொண்டிருந்தான். நாலு வயது. இதயத்தில் ஓட்டை, தஞ்சாவூரில் ஆபரேஷனுக்குத் தேதி வாங்கியிருந்தார்கள். அவன் அரைஞாண் கயிற்றில் தாயத்து. அதற்குள் பூசாரி செப்புத் தகட்டைச் சுருட்டி வைத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் அவள். ஒரு பகல்தானே, சாயங்காலம் வந்ததும் வைத்துவிடலாம். மூடியைத் திருகித் தகட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். பன்னிரண்டு வயதுப் புத்தி அவ்வளவுதூரம்தான் போகும்.

வகுப்பில் நாலு பேருக்கு ஒரு குழு. மூன்று பழங்களைக் கோத்தபோது குட்டி சிவப்பு பல்பு இம்மிகூட மினுங்கவில்லை. நாலாவதாக இவள் பழத்தைச் சேர்த்தார்கள். எரிந்தது. வகுப்பே கைதட்டியது.

"ஒன் தகடுதான்டி எரிய வச்சிச்சு!" என்று தோழி பிளெஸ்ஸி குதித்தாள்.

அந்தச் சந்தோஷம் அடங்குவதற்குள் மாமா பைக்கில் வந்துவிட்டார். தம்பிக்கு முடியவில்லை என்று சொல்ல ஆரம்பித்தவர், பொய் சொல்ல வராமல் அழுதார்.

பிள்ளையைக் குளிப்பாட்டியவர்கள் தாயத்தைக் கழற்றப் போனபோது அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். "கழட்டாதீங்க. அது எம் புள்ளையோட போகட்டும்."

அது வெறும் கூடு என்பது அங்கே ஒருத்திக்குத்தான் தெரியும். புதைத்துவிட்டு வந்தார்கள்.

மூன்றாம் நாள் டீச்சர் துக்கம் கேட்க வந்தார். அன்று வகுப்பிலேயே விட்டுவந்த தகட்டைக் காகிதத்தில் மடித்து வாசலிலேயே அவளிடம் கொடுத்தார். வாங்கியவள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"இது இருந்திருந்தா அவன் இருந்திருப்பானா டீச்சர்?"

"இல்லம்மா. அவனுக்கு நோவு இதயத்துல. இது வெறும் செம்பு."

"நாந்தான் பாத்தேனே. மூணு பழத்துக்கு எரியல. இத வச்சதும்தானே எரிஞ்சிச்சு."

"நாலு பழம் சேந்தா வோல்டேஜ்..." என்று தொடங்கிய டீச்சர் பாதியிலேயே நிறுத்திவிட்டார். பதினோரு வருஷமாக அறிவியல் நடத்துகிறவர். அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

"அம்மாட்ட சொல்லிரவா டீச்சர்?"

டீச்சர் பதில் சொல்வதற்குள் அம்மாவே வந்து நிலைப்படியில் உட்கார்ந்தாள். மூன்று நாளில் பாதியாகியிருந்தாள்.

"பயந்த புள்ள டீச்சர். இருட்டுல தனியாப் படுக்க மாட்டான். தாயத்தோட போனான்ல, சாமி தொணைக்கு இருக்கும். அந்த ஒண்ண நெனச்சுத்தான் உசுரு நிக்கிது."

டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார். "ஒரு வாய் சாப்புடுங்கம்மா. இவளுக்காகவாவது."

அம்மா மாட்டேன் என்று சொல்லவில்லை. பிரகதி உள்ளே ஓடிப்போய் சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைந்து கொண்டுவந்தாள். அம்மா ஒரு கவளம் விழுங்கினாள்.

"என்னமோ எங்கிட்ட சொல்லணும்னு டீச்சர்ட்ட கேட்டியே தாயி, என்ன?"

"ஒண்ணுமில்லம்மா. நீ சாப்புடு."

அம்மா அடுத்த கவளத்தை உருட்டி அவள் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிரகதி வாயைத் திறந்து வாங்கிக்கொண்டாள்.