பாதம் வைத்த எழுத்து

செல்லூரில் விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவே பத்மாசினியும் சத்யப்ரியாவும் கூட்டாக, பத்திரிகையும் போஸ்டரும் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை நடத்திவந்தார்கள். கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துவகைகள் நாலைந்துதான். கல்யாணமானாலும் கண்ணீர் அஞ்சலியானாலும் அதே எழுத்து. பத்மாசினி வீட்டில் சௌராஷ்டிரம் பேசுகிறவள்; ஆனால் தமிழ் எழுத்தின் வடிவத்தின் மேல் அவளுக்குத் தீராத பித்து.

2001 மாசியில் கோச்சடையிலிருந்து அழகுபாண்டி வந்தான். கபடிக் குழுத் தலைவன்.

"யக்கா, போஸ்டரப் பாத்ததும் எதிர் டீமுக்கு வயித்தக் கலக்கணும்."

இதற்காகத்தானே பத்மாசினி காத்திருந்தாள்! அன்றே தாளில் வரைய உட்கார்ந்துவிட்டாள். தடித்த தண்டு, அடியில் தூணின் பீடம் போல அகன்ற பாதம், சுழிகளின் முனையில் கொடிச் சுருள். போஸ்டரின் தலைப்புக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் வரைந்து, ஸ்கேன் செய்து, ஓரங்களைத் திருத்தினாள்.

அச்சகத்தில் முதல் தாளில் 'ளை'யின் சுருளுக்குள் மை அடைத்துக்கொண்டது. கடைக்கு ஓடிவந்து இடைவெளியை அகலமாக்கிக் கொடுத்தாள். அடுத்த தாளில், ரத்தச் சிவப்பில், 'காளையர் கபடிக் குழு' பளிச்சென்று விழுந்தது.

"ஏடி, எந்திரிச்சு நடந்துரும் போலருக்கு!" என்று சத்யப்ரியா கைதட்டினாள்.

போஸ்டர் ஒட்டிய மறுநாளே அழகுபாண்டி கொதித்துக்கொண்டு வந்தான்.

"பரவையில ஒட்டுனத எல்லாம் கிழிச்சிட்டாய்ங்க யக்கா. எதிர் டீம் வேலைதேன். இன்னைக்கி அவனா நானான்னு பாத்துர்றேன்!"

"இரு, நானும் வாரேன்" என்று அவன் வண்டியில் ஏறிக்கொண்டாள் பத்மாசினி.

பரவை மார்க்கெட் சுவரில் போஸ்டர் கிழிந்திருக்கவில்லை, பிளேடால் நறுக்கப்பட்டிருந்தது. 'காளை' போய், 'யர் கபடிக் குழு' மட்டும் மிச்சம். அடுத்த சுவரிலும் அதே கதை. திரும்பிப் பார்த்தால், எதிரே ஒரு சைக்கிள் கடை. தகரப் பலகையில், காத்தடிக்கிற பம்பில், டூல்ஸ் பெட்டியில் எல்லாம் சிவப்பாக 'காளை', 'காளை', 'காளை'!

கடைக்காரர் தயங்கியபடி வெளியே வந்தார். "எம் பேரு காளைங்க. இம்புட்டுக் கம்பீரமா எம் பேர எவனும் எழுதுனதில்ல. மனசு கேக்கல, நறுக்கிப்புட்டேன்."

அழகுபாண்டிக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்தது. "அப்ப நாளைக்கி மேட்ச்சுல மைக்கப் புடிச்சு நீங்கதேன் எங்க டீமுக்குக் கத்தணும்ணே!"

"அண்ணே, அத வரைஞ்சது நாந்தேன்" என்றாள் பத்மாசினி.

"நீங்களாம்மா? அப்ப 'சைக்கிள் கடை'யும் இதே மாதிரி போட்டுக் குடுங்க. பக்கத்துல நோஞ்சானா நிக்கிது பாருங்க!"

அவளிடம் 'ச' இல்லை. ஆனால் அந்தக் கணமே அது கண்ணுக்குள் வந்துவிட்டது. சாக்பீஸ் வாங்கி, கடை வாசல் சிமெண்டுத் தரையிலேயே வரைந்தாள். மார்க்கெட் சனம் கூடியது. "எம் பேரு அன்னக்கொடி, எனக்கும் ஒண்ணு போடு தாயி" என்றாள் கீரைக்காரி ஒருத்தி.

சித்திரை முடிவதற்குள் அத்தனை எழுத்தும் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டன. கீபோர்டைத் தட்டினால் போதும். ஏறி முடிந்த அன்று கடையைப் பாதி சாத்திவிட்டு, பத்மாசினியும் சத்யப்ரியாவும் தங்களுக்குத் தெரிந்தவர் பேரையெல்லாம் மாறி மாறித் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.