நடுவயல் மண்

பிசானப் பருவ நெல் நடவுக்கு இன்னும் ஐம்பத்திரண்டு நாள் இருந்தது. பசுந்தாள் உரமாக விதைக்கும் தக்கைப்பூண்டு பூவெடுக்க நாற்பத்தைந்து நாள். மடக்கி உழுது, சேற்றில் மட்க ஏழு நாள். அன்றே விதைத்தால்தான் கணக்குச் சரியாக வரும். முந்தின நாள் மழையில் வயலும் நனைந்திருந்தது.

அப்பா அந்த விதையைப் பக்கத்து வயல்காரர் இசக்கிமுருகன் அண்ணனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அசன் மைதீன் கடையில் தக்கைப்பூண்டு தீர்ந்துவிட்டது. எங்கள் ஒரு ஏக்கருக்கென்று முன்பே வாங்கி வைத்த மூட்டை இது. போன வாரம் மண்வள அட்டை வந்தது. மண்ணில் மட்கிய சத்தைக் காட்டும் அங்ககக் கரிமம் 0.95 சதவீதம். சுற்றிலும் எந்த வயலுக்கும் அதில் பாதிகூட வந்ததில்லை. பசுந்தாள் உரமே வேண்டாம் என்று அப்பா முடிவு செய்தார். அட்டைக்கு லேமினேஷன் போட்டு, கீர்த்தனைப் புத்தகத்துக்குள் வைத்து, ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் காட்டினார்.

பரிசோதனைக்கு மண் எடுத்துக் கொடுத்தவள் நான். எங்கள் வயல் மூன்று வருடமாக யூரியாவை மட்டுமே பார்த்திருந்தது. காய்ந்தால் மண்வெட்டி தெறிக்கும். இந்தத் தடவையும் ஒன்றும் போடாமல் நட்டால் இன்னும் இறுகிப்போகும்.

“ஒங்க மண்ணுக்கு வயிறு நெறஞ்சிட்டு, அண்ணாச்சி. எங்க மண்ணுதான் பட்டினி கெடக்கு,” என்றார் இசக்கிமுருகன் அண்ணன்.

“எம் மவ பி.எஸ்ஸி கெமிஸ்ட்ரி படிச்சவலே. அஞ்சு இடத்துல தோண்டி எடுத்தா. ஒன்னைய மாதிரி வரப்புல நின்னுக்கிட்டே அள்ளல.”

அண்ணன் சிரித்துக்கொண்டே மூட்டையைப் பைக்கில் ஏற்றிக் கயிற்றைத் தேடினார். நான் போய் மூட்டையின் மேல் கையை வைத்தேன்.

“இதக் குடுக்காதீங்கப்பா.”

அப்பா ஏதோ கேலியாகச் சொல்ல வந்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். பிறகு மூட்டையைத் தூக்கி மெதுவாக வாசலில் இறக்கி வைத்தார். வெயில் இன்னும் ஏறவில்லை. விதைக்க நேரம் இருந்தது.

“சொல்லு, கெசியா.”

“அஞ்சு இடத்துல எடுக்கலப்பா. நடுவயல்ல பயலுவ கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருந்தானுவ. உள்ள எறங்க எனக்கு வெக்கமா இருந்துது. அம்புட்டு மண்ணையும் வரப்போரம் நம்ம பழைய எருக்குழியிலதான் தோண்டுனேன்.”