தெருப்பக்கச் சுவர்

தெர்சா க்வில்லியத்தின் வீடு நானூறு வருஷமாகத் தெருவை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. மாடி ஒரு முழம் வெளியே தள்ளி நிற்கும். வீடு மொத்தமும் அதே பக்கம் சாய்ந்திருக்கும். மதுக்கடையிலிருந்து தள்ளாடி வருகிறவர்கள்கூட அந்தச் சாய்வுக்கு ஏற்றபடி தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவார்கள். இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்டு பக்கம் சாயாத பழைய வீடு எங்கே இருக்கிறது? ஆனால் 1937 மார்ச் மாதத்தில் அது திடீரென்று கவுன்சிலின் கண்ணை உறுத்திவிட்டது.

பார்வையிட வந்தவர் லெவர்ட்டன், கட்டட ஆய்வாளர். பிறந்ததிலிருந்து செங்கல்லைத் தவிர வேறெதையும் பார்க்காத மனிதர். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார், உதட்டைப் பிதுக்கினார், போனார். அடுத்த வாரம் நோட்டீஸ் வந்தது. தெருப்பக்கச் சுவர் பிதுங்கி ஆபத்தாக இருக்கிறது. இருபத்தெட்டு நாளில் அதை அகற்ற வேண்டும். தவறினால் வீட்டையே கவுன்சில் இடித்துவிடும். சுவரை எடுத்தால் வீடு தானாக விழும் என்பது அவர் போட்ட கணக்கு. இரண்டு மைல் தள்ளிப் புதுக் காலனியில் அவளுக்கு ஒரு வீடுகூட ஒதுக்கியாகிவிட்டது. என்ன கரிசனம்.

தெர்சாவுக்கு நாற்பத்தாறு வயது. தையல் வேலை. பிறந்தது, தைப்பது, தனியாகத் தூங்குவது எல்லாம் இங்கேதான். நோட்டீஸை மூன்று தரம் படித்துவிட்டு, அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுத் தச்சர் ஏமோஸ் ப்ரோபர்ட்டிடம் போனாள்.

"ஏமோஸ், என் வீட்டைத் தாங்குறது சுவரா?"

"யாரு சொன்னா? தாங்குறது மரம். சுவர் சும்மா காத்து வராம அடைச்சது."

"அதான் எனக்கும் தெரியும். சுவரை எடுன்னு எழுதியிருக்கான். எடுத்துடப் போறேன்."

ஏமோஸ் வாயிலிருந்த பைப்பை எடுத்தார். "உங்கப்பா பண்ணின காரியம் ஞாபகமிருக்கா?"

எப்படி மறக்கும்? டவுன்காரர்கள் எல்லாம் செங்கல் வீட்டில் இருக்க, மரமும் மண்ணுமாக நிற்கும் வீடு அப்பாவுக்கு மானக்கேடாகப் பட்டது. இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் கீழ்ச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசி மரத்தை மூடினார். பழைய மண் பூச்சு குடிக்கிற தண்ணீரை வெயிலில் விட்டுவிடும். சிமெண்ட் விடாது. உள்ளேயே வைத்து மரத்துக்குப் புகட்டும்.

"உள்ள மரம் இரும்பாட்டமும் இருக்கலாம், மூக்குப்பொடியாட்டமும் இருக்கலாம்," என்றார் ஏமோஸ். "முதல்ல முட்டுக் குடுத்துடுவோம், தெர்சா."

"முட்டு வச்சா, முட்டுதான் தாங்குதுன்னு எழுதிட்டுப் போவான்."

"விழுந்துச்சுன்னா?"

"விழட்டும். அவன் கண்ணெதிர்லயே விழட்டும். வாயைப் பொத்திக்கிட்டு அந்தக் காலனிக்குப் போயிடறேன்."

இருபத்தெட்டாம் நாள் காலை பத்து மணிக்கு லாரியும் நாலு ஆட்களுமாக லெவர்ட்டன் வந்து இறங்கினார். ஊர் மொத்தமும் தெருவில் நின்றது. கசாப்புக் கடைக்காரர் ப்ரீஸ் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். தெர்சா தையல் மெஷினைப் பின்கட்டுக்கு மாற்றிவிட்டு, அப்பாவின் பூட்ஸைப் போட்டுக்கொண்டு, கையில் கடப்பாரையோடு வாசலுக்கு வந்தாள்.

"மிஸ் க்வில்லியம், தள்ளி நில்லுங்க. இது பொம்பளைங்க வேலை இல்ல."

"நோட்டீஸ் என் பேருக்குத்தானே வந்துச்சு? அப்ப வேலையும் என்னுதுதான்."

முதல் குத்திலேயே சிமெண்ட் கதவு அகலத்துக்குப் பாளமாக விழுந்தது. உள்ளே மண், மண்ணுக்குள் வைக்கோல், பின்னிய விளார்க் குச்சிகள். தூசியில் இருமிக்கொண்டே குத்தினாள். ஒரு மணி நேரத்தில் ஐந்து ஓக் தூண்கள் வெளியே வந்தன. ஒவ்வொன்றிலும் உளியால் கீறிய கோடுகள்: ஒன்று, இரண்டு, மூன்று.

"என்ன கிறுக்கல் இது?" என்றார் லெவர்ட்டன்.

"தச்சன் போட்ட நம்பர், சார்," என்றார் ஏமோஸ். "தரையில படுக்க வச்சு எல்லாத்தையும் பொருத்திப் பார்த்து, நம்பர் போட்டுக் கழட்டி, அப்புறம் இங்க கொண்டாந்து நிமித்துவாங்க. சுவர் வர்றதுக்கு முன்னாடியே இந்த வீடு நின்னுச்சு."

ஐந்தில் கடைசி மூலைத்தூண். தெர்சா அதன் அடியில் விரலை வைத்தாள். விரல் உள்ளே போனது. பயந்தது நடந்தேவிட்டது. அப்பா மீது வந்த கோபத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டிருந்த லெவர்ட்டன் முகத்தில் நிம்மதி.

அந்த நேரம் பார்த்து வீடு முனகியது. மேலே எங்கோ ஓர் ஆப்பு நெரிந்தது. மாடி அரை விரல் இறங்கியது. கூட்டம் மொத்தமாகப் பின்வாங்கியது. லெவர்ட்டனின் ஆட்கள் லாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்கள். தெர்சா மட்டும் தூணடியிலேயே குந்தியிருந்தாள். ஓடக் கூடாது என்றில்லை, கால் வரவில்லை.

முனகல் நின்றது. பாரத்தை மற்ற நாலு தூண்களும் பங்கு போட்டுக்கொண்டன. ஏமோஸ் மரக் கொட்டாப்புளியால் மூலைத்தூணைக் கீழிருந்து தட்டிக்கொண்டே போனார். ஒரு சாண் வரை சொத்தென்றது. அதற்கு மேல் கணீரென்றது.

தெர்சா எழுந்து மாடிக்குப் போனாள். தலைக்கு மேல் பூட்ஸ் சத்தம் கேட்டது. அவள் குதித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ப்ரீஸ், மேல வாங்க. உங்க எடைக்கு நம்ம ஊர்ல ஜோடி கிடையாது," என்றாள்.

கசாப்புக்காரர் போனார். அவர் பின்னால் ஆறு பேர் போனார்கள். மேலே ஆட்டமே நடந்தது. கீழே சுவரில்லாத அறையில் மண்தூசி உதிர்ந்தது, அவ்வளவுதான்.

அவள் இறங்கி வந்ததும் லெவர்ட்டன், "சுவரே இல்லாத வீட்ல எப்படிக் குடியிருப்பீங்க?" என்றார்.

"அதை நான் பாத்துக்கறேன். பழையபடி மண்ணை அப்புவேன். சிமெண்ட் மட்டும் கிடையாது. மூலைத்தூணுக்கு ஏமோஸ் புதுக் கால் வைப்பார். சுவரை எடுக்கச் சொன்னீங்க, எடுத்தாச்சு. எழுதிக் குடுங்க."

"அழுகின தூணுக்கு வேற நோட்டீஸ் வரும்."

"வரட்டும். இப்ப இதுக்குக் கையெழுத்து."

ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. லெவர்ட்டன் காகிதத்தை எடுத்தார். வைத்து எழுத ஏதும் அகப்படவில்லை; பக்கத்தில் இருந்தது மூன்றாம் நம்பர் தூண்தான். காகிதத்தை அதன் மேல் வைத்து, தோளைச் சாய்த்துப் பேனாவை ஊன்றினார். ஓக்கின் வரிகளில் நிப்பு தடுக்கியது.

"நல்லா அழுத்தி எழுதுங்க சார்," என்றாள் தெர்சா. "விழாது."