மண்புழுவுக்கு ஐந்து ஜோடி இதயம்

மாமனார் இஸ்திரி போட்ட சட்டையில் மடிக்கணினி முன் உட்கார்ந்திருந்தார். அது அவர் மகளுடையது; அவள் மின்னஞ்சல் அதில் திறந்தபடியே இருந்தது. அவள் இறந்த பிறகும் அவளுக்கு வரும் மின்னஞ்சல்களை ஒன்றுவிடாமல் படித்துவந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. நம்ம பொண்ண மாநாட்டுல பேசக் கூப்பிட்டிருக்காங்க. அவளுக்குப் பதிலா நீங்க போய் அவ கட்டுரைய வாசிச்சா போதும். தங்குறதுக்கு ரூம் பதிவு பண்ணப் போனா அவ மெயில் பாஸ்வேர்டு கேக்குது. என் பேரு, அவ அம்மா பேரு ரெண்டும் போட்டுப் பார்த்தேன். ம்ஹூம்."

மருமகனுக்கு அந்தப் பாஸ்வேர்டு தெரியும். நின்றபடியே திரையைப் படித்தான். இந்த மாதிரி அழைப்புகளைச் சாப்பிடும்போது அவள் உரக்கப் படித்துக் காட்டுவாள்.

"இது ஏமாத்து வேலை மாமா."

"பேரு, பட்டம் எல்லாம் சரியா இருக்கே?"

"அவ கட்டுரை இணையத்துல கிடக்கு. அங்கிருந்து எடுத்திருப்பாங்க. அனுப்பின முகவரியப் பாருங்க, பல்கலைக்கழகம் பேருல ஒரு எழுத்து கூடுதலா இருக்கு. இன்னைக்கே பதிவு பண்ணுன்னு விரட்டுறாங்க. ரூம் போடுறவனுக்கு மெயில் பாஸ்வேர்டு எதுக்கு? கொடுத்தா அவ எழுதினது, அனுப்பின போட்டோ எல்லாம் அவன் கைக்குப் போயிடும்."

மாமனார் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"மாநாடே இதய நோய் பத்தி மாமா. இவ பண்ணினது மண்புழு ஆராய்ச்சி."

"ஏன், மண்புழுவுக்கு இதயம் இல்லையா? அஞ்சு ஜோடி இருக்கு. அவதான் சொன்னா."

அவள் இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. அழுகையும் வரவில்லை. ஊசி போட்ட ஈறை நாக்கால் தொட்டதுபோல் இருந்தது.

"அப்ப யாரும் கூப்பிடல."

"இல்ல மாமா."

மாமனார் அந்தப் பக்கத்தை மூடினார். அழைப்பையும் தானே அழித்தார். சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் கொண்டார்.

"எங்கிட்டயாவது அந்தப் பாஸ்வேர்டச் சொல்லலாமா? இல்ல, நானும் ஏமாத்துக்காரனா?"

அவள் போன பிறகு அந்தச் சொல் அவன் வாயில் வந்ததில்லை.

"புழுக்குட்டி."

"அது என்ன?"

"நான் அவளக் கூப்பிடுற பேரு."

"புழுன்னா கூப்பிடுவீங்க? திட்ட மாட்டாளா?"

"திட்டுவா," என்றான். "திட்டிக்கிட்டே வருவா."